பூதத்துக்கு நாலு வாய்

ஜூலை 1, செவ்வாய்

வருங்காலத்தில் என்னை ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கப்போகிறவர்களின் வசதிக்காக முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன். பெயர் சோலைமலை. வயது ஐம்பத்தாறு. திண்டுக்கல் மாநகரின் ஈடு இணையற்ற குரல் சக்கரவர்த்தி. பகல் பொழுதில் மட்டும் ஜெராக்ஸ் கடை.

எங்கள் சாம்ராஜ்யத்தின் பெயர் ‘வெட்டி பூதம்’. யூடியூபில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் கோடிக்கணக்கில் கொட்டி ஒரு வீடியோ கேம் செய்கிறான். அதில் வாளேந்திய வீரன், பனிமலை, பத்துப் பனை உயரத்தில் ஒரு பூதம். அக்கா மகள் முத்தரசி அதை விளையாடிப் பதிவு செய்வாள். பிறகு நாங்கள் இருவரும் அதிலிருக்கும் இங்கிலீஷைப் பிடுங்கி எறிந்துவிட்டு நம் ஊர்ப் பேச்சை வைத்துத் தைப்போம். வெளிநாட்டுக் கதையில் வீரன் உலகத்தைக் காப்பாற்ற மலை ஏறுகிறான். எங்கள் கதையில் தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஏறுகிறான். பூதம் அவனுக்குப் பெரியப்பா முறை. முதல் பத்திரிகை தனக்கு வரவில்லை என்று கோபம். முப்பத்தொன்பது பாகமாக அந்தக் கோபம் தணியவில்லை.

பார்வையாளர்கள் நாலாயிரத்து முந்நூறு பேர். வெளியில் நாற்பது லட்சம் என்று சொல்லிவருகிறேன். பூஜ்யங்கள் விஷயத்தில் நான் தாராளம்.

தொழில் ரகசியம்: முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை ஓட்டுவோம். பூதம் எத்தனை தடவை வாய் திறக்கிறதோ அத்தனை தடவை முத்தரசி எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவாள். ஒரு தட்டு, ஒரு வாய். ஆறு வாய் என்றால் ஆறு வாய்க்குள் வசனம் அடங்க வேண்டும். மிஞ்சினால் பூதம் வாயை மூடிக்கொண்டு வயிற்றால் பேசுவது போல ஆகிவிடும். எண்ணி முடித்ததும் வெளிச்சத்தம் விழாமலிருக்க நான் மைக்கோடு கம்பளிக்குள் புகுந்துவிடுவேன். வீரன், குதிரை, வாள் உருவும் சத்தம், பனிக்காற்று எல்லாம் நானே. ராணியும் ஆந்தையும் முத்தரசி.

பூதத்தின் குரல் மட்டும் இரவல். அது அத்தானுடையது. அக்கா தெய்வானையின் கணவர் ராக்கப்பன், பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பர். மைக் கெட்டுப்போன நாட்களில் அவர் “பழனி வண்டிய எடுறா” என்று சொன்னால் பழனியில் நிற்கிற வண்டியே கிளம்பும். அந்தத் தொண்டையை அப்படியே சுட்டுப் பூதத்துக்கு வைத்திருக்கிறேன். அவருக்கு இது தெரியாது. அவர் போனில் வானிலையும் இரங்கல் செய்தியும் தவிர வேறொன்றும் பார்க்கமாட்டார்.

கீழ்த்தளத்தில் அவர்கள், மாடியில் நான். என் மனைவி செல்லக்கிளி காலமான சமயத்தில், “ரெண்டு வாரம் எங்க கூட இருந்துட்டுப் போ மாப்ள” என்றார் அத்தான். பதினோரு வருஷமாகிறது. அந்த ரெண்டு வாரம் இன்னும் முடியவில்லை. கேட்டால் தொந்தரவு என்று நானும் கேட்கவில்லை.

இன்று நாற்பதாவது பாகம் முடிந்தது. பூதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறது. சாகும் தறுவாயில் அத்தானின் அன்றாட வசனம்: “என் கண்ணாடிய எங்கடி வச்ச?” முத்தரசி சிரித்துச் சிரித்து டம்ளரைக் கவிழ்த்துவிட்டாள். வெள்ளி மாலை ஆறு மணிக்குத் தானாக வெளியாகும்படி நேரம் குறித்துவைத்தோம்.

ஜூலை 3, வியாழன்

காலை ஏழு இருபது. அத்தான் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினோடு சரிந்தார். பக்கவாதம் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

ஜூலை 4, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஐ.சி.யு. வாசலில் நாற்காலி பதினொன்று, சொந்தக்காரர்கள் பதினான்கு. நான் நின்றுகொண்டே சமாளித்தேன். மாலை ஆறு பத்துக்கு அக்காவின் போனுக்குத் திருப்பூரிலிருந்து அத்தானின் தம்பி மகன் ஒரு வீடியோ அனுப்பி, “பெரியம்மா, இது சோலை மாமா குரல்தானே?” என்று கேட்டிருந்தான்.

நேரம் குறித்துவைத்தது எங்கள் இரண்டு பேருக்குமே நினைவில்லை. யாருக்கு நினைவிருக்கும்?

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்தாள். பூதம் நெஞ்சைப் பிடித்தது. சாய்ந்தது. “என் கண்ணாடிய எங்கடி வச்ச?” என்றது, உள்ளே படுத்திருக்கிறவரின் குரலில். சுற்றியிருந்த பதினான்கு பேரும் கேட்டார்கள். எனக்கு அந்த நேரத்தில் என் திறமைமேல் வந்த வெறுப்பு சொல்லிமாளாது. இவ்வளவு தத்ரூபமாகவா செய்து தொலைப்பேன்!

அக்கா சத்தம் போடவில்லை. போனை அணைத்தாள். “மூணு வருஷமா இதத்தான் பண்ணிக்கிட்டிருந்தியா மேல?” என்றாள்.

“அக்கா, அது போன செவ்வாக்கெழமையே...”

“அவரு நல்லா இருக்கப்பவே செத்துப்போறாப்ல பேசிப் பாத்திருக்க. எம்மூஞ்சில முழிக்காத சோலை. போயிரு.”

ஆறு இருபத்தைந்துக்கு முத்தரசி வீடியோவை நீக்கினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்துவிட்டிருந்தார்கள். அதில் ஒருத்திதான் கணக்கு.

ஜூலை 5, சனி

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னாராம். வலது கையும் காலும் வலுவில்லை. பேச்சு போய்விட்டது. எவ்வளவு திரும்பும் என்று சொல்வதற்கில்லை.

எல்லாம் முத்தரசி வந்து சொன்னதுதான். நான் காலையிலிருந்து மாலைவரை ஆஸ்பத்திரி டூவீலர் ஸ்டாண்டில் இருந்தேன். வண்டிகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா.

ஜூலை 9, புதன்

கடை திறந்தேன். ஒருவருடைய ஆதார் அட்டையை முன்பக்கமே இரண்டு தடவை பிரதியெடுத்துக் கொடுத்தேன். அவர் திரும்பி வந்து திட்டினார். திட்டுவதற்கென்று ஒருவர் தேடி வந்தது ஆறுதலாக இருந்தது.

திட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வீடியோக்களுக்குக் கீழே ‘பிளாட்பாரம்7’ என்ற பெயரில் ஒரு ஜென்ம விரோதி உண்டு. மூன்று வருஷமாக ஒரு பாகம் விடாமல் வந்து குறை சொல்வான். “பூதம் தொண்டையில் பேசுகிறது. வயிற்றிலிருந்து பேசச் சொல்.” “மூன்றாம் நிமிடம் ஒரு வாய் மிச்சம். தூங்கினீர்களா?” நானும் சளைக்காமல் பதில் போடுவேன். ஒருமுறை அவனைத் துவந்த யுத்தத்துக்கே அழைத்திருக்கிறேன். ஒரு வாரமாக ஆளைக் காணோம். என் பதிலடிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியிருப்பான்.

ஜூலை 12, சனி

அத்தானை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, சுவரின் உறுதியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரெச்சரில் அவர் முகம் மேலே பார்த்தபடி இருந்தது. என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. அவ்வளவு பெரிய மனிதர் ஒரு போர்வைக்குள் அடங்கிவிட்டார்.

அக்கா எனக்குச் சாப்பாடு போடுவதை நிறுத்தவில்லை. கீழே கூப்பிடுவதில்லை, முத்தரசி கேரியர் கொண்டுவருகிறாள். ஆனால் சாம்பாரில் உப்பு இல்லை. நேற்றும் இல்லை. இது மறதியல்ல, தீர்ப்பு. முழுவதும் சாப்பிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

ஒரு சொல் வந்திருக்கிறது! ஒன்றே ஒன்று. “இருக்கட்டும்.”

பக்கவாதம் வந்தவர்கள் சிலருக்கு இப்படி ஒரே சொல் மட்டும் மிஞ்சுமாம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற ஜெசிந்தா மேடம் சொன்னார்களாம். பசித்தாலும் அதுதான், குளிரடித்தாலும் அதுதான், ஃபேனைப் போடச் சொன்னாலும் அதுதான். நினைப்பு எல்லாம் சரியாக இருக்கிறது, வாய்க்கு வரும்போது இந்த ஒரு சொல்லாக மாறிவிடுகிறது.

“இன்னொரு தோசை வைக்கவாங்க?” என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

“இருக்கட்டும்.”

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அத்தான் கட்டிலை இடது கையால் குத்தியிருக்கிறார். “இருக்கட்டும்! இருக்கட்டும்!” அப்புறம்தான் தோசை வேண்டும் என்று புரிந்ததாம். முத்தரசி சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் மூக்கை உறிஞ்சினாள்.

ஒரு சொல்லை வைத்து ஒரு மனிதர் தோசை வாங்கிவிட்டார் என்றால் இரண்டாவது சொல்லை வைத்து ராஜ்யமே பிடிப்பார்.

ஜூலை 16, புதன்

டிப்போவிலிருந்து பழைய கூட்டாளிகள் ஐந்து பேர் ஹார்லிக்ஸ், ஆரஞ்சோடு வந்தார்கள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

“ராக்கு, என்னைத் தெரியுதாப்பா?”

“இருக்கட்டும்.”

“யாரு சொல்லு பாப்போம், பேரு?”

“இருக்கட்டும்... இருக்கட்டும்.”

“பென்சன் வருதாய்யா?”

“இருக்கட்டும்.”

ஒருவர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, சிரிப்பு வாய்மீறி வந்துவிட்டது. “என்னப்பா, எதக் கேட்டாலும் இருக்கட்டுங்கிற!” மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு கீழே பேச்சுச் சத்தம் இல்லை. ஐந்து ஜோடிச் செருப்புகளும் சீக்கிரமே கிளம்பிவிட்டன.

ஜூலை 21, திங்கள்

ஐந்து நாளாக அத்தான் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு சொல்லும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். சாப்பாட்டுக்கு மட்டும் திரும்புகிறார்.

ஜெசிந்தா மேடம் போகும்போது வாசலில் அக்காவிடம் பேசியதைப் படியிலிருந்து கேட்டேன். (ஒட்டுக்கேட்கவில்லை. படி என் வீட்டுப் படி, காது என் காது.)

“தப்பா பேசினாலும் பரவால்லம்மா, பேசணும். மொத மூணு மாசம்தான் நல்லா திரும்புற காலம். வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டா அப்புறம் கொண்டுவர்றது ரொம்பக் கஷ்டம். கோவமாவாவது ஒரு சத்தம் போட வைங்க.”

“நாலு பேரு முன்னாடி சிரிச்சுட்டாங்க மேடம். இவரு அப்படிப் பேச்சு வாங்குன ஆளே இல்ல. குடுத்துத்தான் பழக்கம்.”

அக்கா கேட்டைச் சாத்திவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். நான் இறங்கிப் போயிருக்கலாம். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நாலு படிதான். இறங்கினேன், ஏறினேன். மூட்டுக்கு நல்ல பயிற்சி.

ஜூலை 24, வியாழன்

பழைய போட்டோக்களைக் காட்டிப் பேர் சொல்லச் சொல்லுங்கள் என்று மேடம் கேட்டிருக்கிறார்கள். அதற்காக முத்தரசி அத்தானின் போனைத் திறந்தாள். பிறகு கேரியர் இல்லாமல், செருப்பில்லாமல் மாடிக்கு ஓடிவந்தாள்.

“மாமா. இதப் பாருங்க.”

யூடியூப் திறந்திருந்தது. கணக்கின் பெயர்: பிளாட்பாரம்7.

“அப்பாதான் மாமா. மூணு வருஷமா. எல்லாப் பாகமும் ரெண்டு ரெண்டு தடவ பாத்திருக்காரு. ‘பூதம் வயித்துல இருந்து பேசணும்’னது அப்பா மாமா!”

அவள் போன பிறகு ஒரு மணி நேரம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டேன். துணி எதையும் துவைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மாலைச் சாப்பாட்டில் உப்பு இருந்தது. கேரியரை வைத்துவிட்டு முத்தரசி சொன்னாள்: “அம்மாகிட்டயும் காட்டினேன். அவன வரச் சொல்லுன்னாங்க.”

ஜூலை 25, வெள்ளி

சரித்திரப் புகழ்மிக்க இறக்கம். பதினேழு படி. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பொண்ணு பாக்கவா வந்த?”

“அக்கா...”

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. அவருகிட்டப் போய் சொல்லு.”

அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கழுத்துக்குப் பின்னால் முடி வளர்ந்து தொங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அலெக்சாண்டர் முன்னால் தோற்ற மன்னனைப் போல ஒரு நீண்ட உரையை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு வரியும் வரவில்லை.

“அத்தான், அந்த வீடியோ. உங்க குரல எடுத்து... தப்புதான். வேணும்னு பண்ணல.”

முதுகு அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்து சுவரிடம் சொல்வது போல மெதுவாக, “இருக்கட்டும்” என்றார்.

ஒன்பது நாளில் முதல் சொல். அது மன்னிப்பா, இல்லை அவரிடம் இருக்கிற ஒரே சொல் அதுதானா? குரல் சக்கரவர்த்தியான எனக்கே தெரியவில்லை. மறுபடி கேட்கவும் தைரியமில்லை. கழுத்து முடியை மட்டும் வெட்டிவிட்டேன். வேண்டாமென்று தலையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 28, திங்கள்

“கோவமாவாவது ஒரு சத்தம்.” மேடம் சொன்ன இந்த மந்திரத்தை மூன்று நாளாகச் சுற்றிவந்து, இன்று ஒரு மகத்தான சதித்திட்டம் தீட்டினேன். பிளாட்பாரம்7-க்கு உலகத்திலேயே பொறுக்க முடியாதது எது? மோசமான பூதம்.

மாடியில் ஃபியூஸ் போய்விட்டது, அதனால் அத்தான் அறையில்தான் பதிவு என்று அறிவித்தேன். (ஃபியூஸ் என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.) லேப்டாப்பை அவர் கட்டிலுக்கு எதிரே வைத்தோம். முத்தரசி டம்ளரைத் தட்டினாள். நான் பூதத்துக்குப் பூனைக்குட்டிக் குரல் கொடுத்தேன், அதுவும் இரண்டு வாய் மிச்சம் விட்டு.

முதுகு லேசாக நிமிர்ந்தது. அவ்வளவுதான்.

“இன்னைக்கி இது போதும் மாமா. எனக்கே கேக்க முடியல” என்றாள் முத்தரசி.

ஜூலை 30, புதன்

பூதத்துக்கு இன்று மூக்கடைப்பு. அத்தான் சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். பஸ்ஸை ஏழு நிமிடம் தாமதமாகக் கொண்டுவந்த டிரைவரைப் பார்க்கிற பார்வை. உதடு துடித்தது, பற்களைக் கடித்துக்கொண்டார்.

அக்கா வாசலில் நின்று, “நீ அவர நோகடிக்கத்தான் வந்திருக்கியா?” என்றாள்.

“ரெண்டு நாள் பொறுக்கா.”

“ரெண்டு நாளுதான் சோலை. அதுக்கு மேல இந்தப் பெட்டிய மாடிக்குத் தூக்கிட்டுப் போயிரணும். நீயும் அதோட.”

ஆகஸ்ட் 1, வெள்ளி

இந்தத் தேதியைத் தங்கத்தில் எழுத வேண்டும். பேனாவில் நீலம்தான் இருக்கிறது.

அக்கா கொடுத்த கெடுவின் கடைசி நாள். பூதம் ஒரு மரத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டு திரும்புகிற காட்சி. முத்தரசி தட்டினாள்: டங், டங், டங், டங். நாலு வாய். நான் ஆறு வாய்க்கு வசனம் சொன்னேன், நோயாளி ஆட்டுக்குட்டியின் குரலில். “பத்திரிகைய அங்க வைப்பா.”

கட்டில் சட்டத்தில் இடது கை இடித்தது.

“மறுபடி ஓட்டும்மா” என்றேன். டங், டங், டங், டங். இந்தத் தடவை ஆட்டுக்குட்டிக்கு விக்கலும் சேர்த்தேன். நானே என்னை அடித்திருப்பேன்.

மூன்றாவது தடவை படம் ஓடியது. நான் வாயைத் திறப்பதற்குள், அடிவயிற்றிலிருந்து, முப்பத்திரண்டு வருஷத்து டீசல் புகையையும் கிழித்துக்கொண்டு வந்தது:

“இ-ருக்-கட்-டும்!”

ஜன்னல் கம்பியில் இருந்த காக்கை வத்தலக்குண்டுவரை போயிருக்கும். முத்தரசியின் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது. நாலு வாய்க்கு நாலு. பூதத்தின் உதடும் அத்தானின் குரலும் ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் பொருந்தியிருந்தன. திரையில் பூதம் சொல்லி முடித்து வாயை மூடியது. இங்கே அத்தானும் மூடினார்.

அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். “என்ன? யாரு கத்துனது?”

அத்தான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கி முத்தரசியிடம் காட்டினார். இன்னொரு தடவை ஓட்டு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அக்கா எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை செய்தாள். எனக்குக் கீழேயே இலை போட்டாள். “அப்பளம் வேணுமா?” என்று என்னைப் பார்த்தே கேட்டாள். முப்பது நாளில் எனக்குக் கிடைத்த, திட்டு இல்லாத முதல் வாக்கியம்.

முத்தரசி ராப்பகலாக உட்கார்ந்து பூதம் நாலு வாய் திறக்கிற காட்சிகளை மட்டும் பொறுக்குகிறாள். இதுவரை பதினேழு. எட்டு வாய்க் காட்சிகளும் ஆகும், அத்தான் இரண்டு தடவை சொல்லிவிடுவார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒரு வாரமாகப் பதிவு. கதை இதுதான்: பெரியப்பா பூதத்தின் கோபம் முற்றி, இனி யார் வந்து கெஞ்சினாலும் ஒரே சொல்தான். வீரன், ராணி, குதிரை, ஆந்தை எல்லோரும் வரிசையாக வந்து பேசுகிறார்கள்.

வீரனாக நான்: “பெரியப்பா, நீங்க வந்து தாலி எடுத்துக் குடுக்கணும்.”

“இருக்கட்டும்.” (முறுக்கிக்கொண்டு.)

ராணியாக முத்தரசி: “வண்டி அனுப்பட்டுமா மாமா?”

“இருக்கட்டும்!” (வண்டியா, எனக்கா?)

குதிரையாக நான்: “பந்தியில மொத இலை ஒங்களுக்குத்தான்.”

“இருக்க...ட்டும்.” (எத்தனை பதார்த்தம்?)

ஒரே சொல்லில் இத்தனை மனிதர்களை எங்கே ஒளித்துவைத்திருந்தார் இவர்? நாற்பது பாகமாக நான் சுட்டது அவருடைய சத்தத்தை மட்டும்தான். சரக்கு முழுக்க அவரிடமே இருந்திருக்கிறது. இதை அவரிடம் சொல்லமாட்டேன். தலைக்கனம் வந்துவிடும்.

விரலைத் தூக்கினால் மறுபடி எடுக்க வேண்டும். ஒரு காட்சிக்கு இருபத்துமூன்று முறை எடுத்தோம். கம்பளிக்குள் நான் வெந்து பாதியாகிவிட்டேன். எனக்கு அவர் இரக்கம் காட்டவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பாகம் தயார். வெளியிடுவதா வேண்டாமா என்று குடும்ப மகாசபை கூடியது.

“வேணாம்” என்றாள் அக்கா. “அன்னைக்கி அஞ்சு பேரு சிரிச்சதுக்கே வாயை மூடிக்கிட்டாரு. இத நாலாயிரம் பேரு பாப்பான். திரும்ப வாயை மூடிக்கிட்டா நீ வந்து தொறப்பியா?”

அவள் சொன்னதுதான் எனக்கும் பயம். சிரிப்புக்காகவே மூன்று வருஷம் உழைத்தவன், யாரும் சிரித்துவிடக்கூடாதே என்று முதல்முறையாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்பாவையே கேளுங்க” என்றாள் முத்தரசி. “அப்பா, போட்டுரலாமா?”

“இருக்கட்டும்.”

“பாத்தியா, போடட்டும்ங்கிறாரு” என்றேன்.

“வேணாம், அப்படியே இருக்கட்டும்ங்கிறாரு” என்றாள் அக்கா.

“ராகத்தக் கேளுக்கா, கடைசில ஏறுது பாரு!”

“நாப்பது வருஷம் குடும்பம் நடத்துனவ நானு. எனக்கு ராகம் சொல்லித் தர்றியா?”

நாங்கள் சண்டையில் இருந்தபோது அத்தான் நாற்காலியிலிருந்து சாய்ந்து லேப்டாப் பக்கம் இடது கையை நீட்டினார். அம்புக்குறி திரை முழுவதும் குடித்தவன் மாதிரி தள்ளாடியது. முத்தரசி உதவப் போனாள், தோளால் அவளைத் தள்ளினார். நாலாவது முயற்சியில் ‘வெளியிடு’ பொத்தான்மேல் வந்து நின்றது. அழுத்தினார்.

நேரம் குறித்துவைக்கவெல்லாம் இல்லை. அப்போதே, எல்லோரும் பார்க்க.

ஆகஸ்ட் 16, சனி

ஒன்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். (உண்மையான எண்ணிக்கை. பூஜ்யம் சேர்க்கத் தேவைப்படவில்லை.)

அக்கா காலையிலிருந்து போனோடு உட்கார்ந்து ஒவ்வொரு கருத்தாகப் படிக்கிறாள். சிரிப்பது பூதத்தைப் பார்த்தா, மனிதரைப் பார்த்தா என்று தரம் பிரிக்கிறாள். “எங்க வீட்டு ஓனரு அச்சு அசல் இப்படித்தான்” என்று ஒருவர் எழுதியிருந்தார். “எங்க சம்பந்தி!” என்று இன்னொருவர். எந்த வீட்டிலும் ஒருவர் இருக்கிறார் போல. “இந்தப் பூதத்துக்குக் குரல் குடுத்தவரு யாரு? பழைய ஆள விட நூறு மடங்கு நல்லாருக்கு” என்று ஒரு நீசன்.

அதை மட்டும் அக்கா மூன்று தடவை உரக்கப் படித்தாள். அத்தானின் தோள் குலுங்கியது. சிரிப்பதற்கு அவருக்குச் சொல் எதுவும் தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

ஜெசிந்தா மேடம் உதட்டையும் நாக்கையும் காட்டிக் காட்டிப் புது ஓசைகள் பழக்குகிறார்கள். இன்று மத்தியானம் அத்தான் அடுக்களைப் பக்கம் பார்த்து, “தெ... தெ...” என்றார். அதற்குமேல் வரவில்லை.

தெய்வானை என்கிற என் அக்காவுக்குக் காது கேட்காதது போல இருந்தது. உள்ளே போய் மிக்சியை ஓடவிட்டாள். ரொம்ப நேரம் ஓடியது. தண்ணீர் குடிக்கப் போன நான் பார்த்தேன், ஜாரில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பிள்ளையார் சதுர்த்திக்குத் தெருப்பையன்கள் குழாய் ஒலிபெருக்கி கட்ட வந்தார்கள். எங்கள் கேட் தூணில் கட்டி, குழாயின் வாயை நேராக அத்தான் அறை ஜன்னலுக்குத் திருப்பிவிட்டார்கள். நான் மாடியில் இருந்தேன். இறங்கிப் போய் ஒரு வீரவுரை ஆற்றலாம் என்று சட்டையைத் தேடியபோது கீழே வாசல் கதவு திறந்தது.

கைத்தடியும் காலுமாக அத்தான் தனியாக வெளியே வந்தார். தெரு முழுக்க ஆட்கள். எதிர்வீட்டுச் சீரகச்சம்பா அரிசி வியாபாரி, பால்காரர், ஏணியில் நிற்கிறவன், ஏணியைப் பிடிக்கிறவன். எனக்குச் சட்டையின் கை கிடைக்கவில்லை.

“இருக்கட்டும்!” என்றார்.

“இருக்கட்டும்னா சரிங்கய்யா, கட்டிர்றோம்” என்றான் ஏணியில் இருந்தவன்.

“இருக்கட்டும்! இருக்கட்டும்!” வாய் இருக்கட்டும் என்கிறது, கைத்தடி எடுடா அதை என்கிறது. ஒருவன் சிரித்தான். நான் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டேன். அத்தான் சிரித்தவனைப் பார்த்தார். ஒரு அடி முன்னால் வைத்தார். அதே சொல்லை மறுபடியும், இந்தத் தடவை சத்தம் போடாமல், மெல்ல, நாலு வாயும் தனித்தனியாக, பழனி வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்து விசாரிக்கிற தோரணையில் சொன்னார்.

குழாய் தெருப்பக்கம் திரும்பிவிட்டது. “இப்ப சரிங்களாய்யா?” என்று கேட்டான் ஏணிக்காரன்.

“இருக்கட்டும்” என்றார் அத்தான். அது நூறு சதவீதம் ‘சரி’தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழிருந்து சத்தம் வருகிறது. ஏணிக்காரர்கள் போய்விட்டார்கள், அக்கா குளிக்கிறாள், முத்தரசி கடைக்குப் போயிருக்கிறாள். படிக்கட்டுக்கு அடியில் நின்றுகொண்டு ஒருவர் அண்ணாந்து கத்துகிறார். “இருக்கட்டும்! இருக்கட்டும்!” கடைசி எழுத்து இழுபட்டு, கொஞ்சம் எரிச்சலோடு மேலே ஏறுகிறது.

இதில் குழப்பமே கிடையாது. பதினோரு வருஷமாக என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற ராகம் அது.

வந்துட்டேன் அத்தான்.